மரம் மடியாக வைத்திருந்த காவேரி

எங்கள் வீட்டுக்கு மின்சார விளக்கு வருவதற்கு முன்பே என் மூத்திரப்பைக்கு வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவரைக்கும் கம்பம் நட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் ஆனால் ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் எங்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இன்னும் மண்ணெண்ணெய்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து வளர்ந்த என்னைத் திருச்சிராப்பள்ளி ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் மேஜைமேல் மல்லாத்தி, பென்சில் போன்ற குழாய் ஒன்றின் நுனியில் கடுகளவு பல்பை எரியவிட்டு, மனிதன் பிறருக்குக் காட்டத் தயங்கும் வழியாக உள்ளே செலுத்தி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். தெருவில் எத்தனையோ பேருக்கு முன்னால் எனக்கு விளக்கு வந்துவிட்டது என்ற பெருமையைத்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

விஷயம் பீட்ரூட்டில் ஆரம்பித்தது என்று முதலில் நினைத்தேன். எங்கள் அகத்தில் பீட்ரூட் படியேறாது. வெங்காயம், முள்ளங்கி வரிசையில் அதுவும் ஒரு சீமைக் குற்றவாளி. நானோ பள்ளிக்கூட வாத்தியார். அதோடு பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரைகள் எழுதுகிறவன். ஆகவே முற்போக்காக இருந்தாக வேண்டிய கட்டாயம். டவுனில் ஒரு காபி கிளப்பின் பின்கட்டில் உட்கார்ந்து அவ்வப்போது பீட்ரூட் பொரியல் சாப்பிடுவதுதான் என் முற்போக்கு. அதற்கு மேல் எனக்குத் தைரியம் கிடையாது. ஒருநாள் காலை சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பீட்ரூட் என்று தீர்ப்பளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பிறகு பீட்ரூட் இல்லாமலே போயிற்று. பயந்துபோய் மனைவியிடம் சொன்னேன்.

"பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாப் போறதுடீ."

அவள் உலையைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிட்டு எப்போ போச்சு?" என்று கேட்டாள்.

என் வியாதிக்கு முன்னால் என் பீட்ரூட் ரகசியம் வெளிவந்தது.

சர்ஜன் சீமையில் படித்துவிட்டு வந்தவர். ராணுவத்தில் இருந்தவர் என்றும் சொன்னார்கள். மீசையைப் பார்த்தால் நம்பலாம். விளக்கை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ளே ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. காம்போட தொங்குது. இன்னைக்கு சாது மாதிரி இருக்கு. விட்டுவச்சா புற்றா மாறிடும். திறந்து வெட்டி எடுத்து, அடியைச் சுட்டுடலாம்."

"சுடறதுன்னா?"

"மின்சாரத்தாலே."

உள்ளே ஒயரிங் வேலை இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது.

"வெட்டறது என் வேலை," என்றார் சர்ஜன். "அதுல பாதிதான் குணம். மிச்சப் பாதி உங்க வேலை. மத்தவங்க ஆபரேஷன் ஆன ஆளை வாரக்கணக்கிலே படுக்கையிலே போட்டு, வாயைக் கட்டி, தண்ணியைக் குறைச்சு வைப்பாங்க. புண்ணு நனையக் கூடாதாம். நம்ம வார்டிலே அந்தப் பேச்சே கிடையாது. உள்ளே ரத்தம் உறைஞ்சு நிக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அதை அடிச்சுத் தள்ளும். ஜாடி ஜாடியாக் குடிக்கணும். எழுந்து நடக்கணும். ரெண்டே வார்த்தை. குடிங்க. நடங்க."

இவ்வளவு சுலபமான வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. தண்ணீர் குடிக்கத் தெரியாதவன் உலகத்தில் உண்டா? உண்டு. எப்படி ஒருவன் அப்படி ஆகிறான் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன், எங்களோடுதான் இருந்தான். பொன்மலையில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பகலெல்லாம் ஆங்கிலத்தில் டைப் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், அத்தனை எழுத்துக்களையும் உதறுகிறவனைப் போல ஸ்நானம் செய்வான். அவன் அணிந்த திருமண்ணை வைத்தே சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கலாம், அவ்வளவு நேர். ஆசாரத்தில் தினையளவு பிசகினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பார்த்தாலே அவனுக்கு ஏதோ பிசகியிருப்பதாகத் தோன்றும்.

ஆபரேஷன் அன்று காலையிலேயே அவன் தகராறை ஆரம்பித்துவிட்டான். வயிற்றைச் சிரைக்க ஆஸ்பத்திரி நாவிதர் கத்தியோடு வந்தார்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றான் மைத்துனன். "க்ஷவரம் கூடாது."

"தலைக்குத்தானே சாமி நாள் பாக்கறது?" என்றார் நாவிதர். "கீழே இருக்கறதுக்குப் பஞ்சாங்கம் உண்டா?"

மைத்துனன் யோசித்தான். சாஸ்திரம் அந்தப் பகுதியைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை போலும். அவன் யோசித்து முடிப்பதற்குள் நாவிதர் வேலையை முடித்துவிட்டார்.

பிறகு என்னைத் தள்ளுவண்டியில் கிடத்தி நடைவழியே உருட்டிக்கொண்டு போனார்கள். மைத்துனன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, யார்மேலும் படாமல் கூடவே வந்தான். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. உள்ளே வெள்ளை முகமூடிகள், பளபளவென்று தட்டுத் தட்டாகச் சாமான்கள். மூலையில் ஒரு பெரிய ரம்பம் மாட்டியிருந்தது. அது ஜன்னல் கொக்கி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் ரம்பம்தான்.

நேர்த்திக்கடன் என்பது கடவுளோடு செய்யும் கத்தரிக்காய் வியாபாரம் என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய அதே வாய் இப்போது தானாகத் திறந்தது.

"ரங்கா! நான் பொழைச்சு எழுந்தா, இந்தப் புண் ஆறற வரைக்கும் காவேரித் தீர்த்தம் தவிர வேற ஒரு சொட்டு ஜலம் இந்த வாயிலே படாது! இது சத்தியம்!"

மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தால் அது எனக்கும் ரங்கநாதருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் பெரிய மனசு பண்ணி மறந்திருப்போம். நடைவழி அதிரக் கத்தித் தொலைத்தேன். கதவு மூடும்போது மைத்துனன் கண்ணில் நீரோடு கைகூப்பி நிற்பது தெரிந்தது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு என்மேல் மரியாதை வந்திருந்தது.

அந்த அவசரத்திலும் நான் கணக்குப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டேன். மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரிப்பார்கள். அங்கப்பிரதட்சிணம் என்றால் முதுகு தாங்காது. காவேரி என்றால் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். ஆயுள் முழுக்க அதைத்தானே குடிக்கிறோம்? கஷ்டமே இல்லாத பிரார்த்தனை.

மாதம் பங்குனி.

மேட்டூரில் இன்னும் அணை வேலை முடியாத காலம். பங்குனியில் எங்கள் காவேரியில் எல்லாம் இருக்கும். மணல் இருக்கும், எருமை இருக்கும், பந்தாடும் பையன்கள் இருப்பார்கள், வெள்ளரிக் கொடி படர்ந்திருக்கும். தண்ணீர் மட்டும் இருக்காது. முழங்கால் ஆழம் மணலைத் தோண்டி, ஊற்று சுரக்கும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். காவேரிக் கரையிலேயே பிறந்தவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நாற்பது பங்குனிகளைப் பார்த்தவன். ரம்பத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்ததோ ஆடி மாதத்துக் காவேரி.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். மார்புக்கு நேரே ஒரு திரை. அந்தப் பக்கம் யாரோ யாரையோ என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் கருகல் வாசனை வந்தது. எங்கேயோ அப்பளம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது நான்.

வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். அடிவயிற்றில் ஒரு ரப்பர்க் குழாய். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் புட்டியில். பக்கத்துக் கட்டிலில் ஒரு ராவுத்தர். கோட்டைப் பக்கம் தோல் மண்டி வைத்திருப்பவர். அவருக்கும் அதே கட்டி, அதே குழாய், அதே புட்டி. எனக்குச் சற்று முன்னால் வெட்டிக்கொண்டவர் என்பதால் சீனியர்.

மறுநாள் விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாமி, உங்க கலர் என்ன?"

நான் எட்டிப் பார்த்தேன். "டிகாக்‌ஷன்."

"முதல் டிகாக்‌ஷனா, ரெண்டாவதா?"

"முதல்தான். நல்ல திக்கு."

"அது நல்லதில்லையே. நம்மளது நன்னாரி சர்பத் ஆயிடுச்சு பாருங்க. இன்ஷா அல்லா, நாளைக்கு எளநீர் நிறம் வந்துடும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. அது வந்தாத்தான் குழாயை எடுப்பாங்களாம்." சொல்லிவிட்டு, குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த ஜாடியைத் தூக்கிக் கடகடவென்று குடித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வார்டு வராந்தாவிலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. திருகினால் கொட்டுகிறது.

என் தீர்த்தம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். மைத்துனன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டான். விடியற்காலையில் ஆற்றில் இறங்கி, தானே மணலைத் தோண்டி, ஊற்றுச் சுரந்து, தெளிந்து, ஒரு பித்தளைக் குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு ஈர வேஷ்டியோடு குதிரை வண்டி. குடத்தை வண்டியில் வைத்தால் மடி, அதாவது ஆசார சுத்தம், போய்விடும். ஆகவே மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்காருவான். பாலத்தில் ஏறும்வரை குதிரை ஒழுங்காகப் போகும். பாலத்தில் எதிரே பஸ் வந்தால் மிரளும். ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கும்போது அவன் வேஷ்டியில் இருக்கும் காவேரி குடத்தில் இருக்கும் காவேரியைவிட அதிகம். அதற்கப்புறம் நடைவழி. எதிரே வருகிறவர்களில் ஒருவர் இடித்துவிட்டால் போதும். ஒருநாள் ஒரு தோட்டி இடித்தார், அடுத்த நாள் ஒரு டாக்டரே இடித்தார். சாதி வித்தியாசம் பார்க்காமல் இரண்டு தடவையும் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போனான்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு சொம்பு. அதை அவன் மேலிருந்து ஊற்ற, நான் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து கொண்டிருப்பேன்.

"போறுமா அத்திம்பேர்?"

போறாது. ஆனால் அந்த முகத்தையும், நகத்துக்கடியில் இருந்த ஆற்று மணலையும் பார்த்தபின் எப்படிச் சொல்வது? "திருப்தி," என்பேன்.

சிஸ்டர் பலமுறை ஜாடியை நீட்டினாள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். பொறுமைசாலி. "குடிங்க சார், டாக்டர் திட்டுவாரு." நான் தலையை ஆட்டி, அவள் போனதும் ஜாடியை ராவுத்தர் பக்கம் தள்ளிவிடுவேன். அவர் என் பங்கையும் சேர்த்துக் குடித்து நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தார். மைத்துனன் இல்லாத சமயத்தில் ஒரு மடக்கு குடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குடித்திருக்கலாம்தான். ஆனால் ரங்கநாதர் தன் பங்கை முதலிலேயே நிறைவேற்றிவிட்டிருந்தார். நான் பிழைத்துக் கிடந்தேன். அட்வான்ஸ் கொடுத்தவரிடம் வம்பு வைத்துக்கொள்ள, அதுவும் வயிற்றில் ஓட்டை இருக்கும்போது, எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சர்ஜன் ரவுண்டு வந்தவர் என் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். வெளிச்சம் அந்தப் பக்கம் வரவில்லை.

"எவ்வளவு குடிச்சார்?"

"ஜாடி காலியாத்தான் இருக்கு டாக்டர்," என்றாள் சிஸ்டர்.

சர்ஜன் என் புட்டியைப் பார்த்தார். ராவுத்தரின் புட்டியைப் பார்த்தார். அது விளிம்புவரை நிறைந்திருந்தது. ராணுவ மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"உங்க தண்ணியை அவர் குடிச்சா உங்களுக்கு எப்படி சார் குணமாகும்? உள்ளே உறைஞ்சு கட்டியா நிக்குது. குழாயை அடைச்சுக்கப்போகுது. நாளைக் காலை வரைக்கும் பாக்கறேன். தெளியலைன்னா மறுபடியும் திறக்கறதைத் தவிர வழியில்லை."

அவர் போய்விட்டார். மறுபடியும் என்ற ஒரே சொல்தான் என் காதில் நின்றது. மறுபடி ஊசி, மறுபடி அப்பள வாசனை. இந்தத் தடவை ரம்பம் நிஜமாகவே ரம்பமாக இருந்துவிட்டால்? போதாக்குறைக்கு அடிவயிற்றில் மெள்ள ஒரு இறுக்கம் ஆரம்பித்திருந்தது. குழாயில் சொட்டு விழும் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

சொம்போடு நின்றிருந்த மைத்துனனிடம் ராவுத்தர்தான் பேச்சை எடுத்தார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இந்தக் குழாயிலே வர்றது எந்தத் தண்ணி? முனிசிபாலிட்டி காவேரி மணல்லேதானே கிணறு வெட்டி இறைச்சு அனுப்புது? நீங்க தோண்டறதும் அதே மணல்தானே?"

மைத்துனன் தயாராக இருந்தான். "பொறப்பாடு காவேரிதான். மெஷின் வாயிலே நுழைஞ்சு, இரும்புக் குழாய்க்குள்ளே ஊர் சுத்தி, திருகிலே வரது. திருகுக்குள்ளே என்ன இருக்கு தெரியுமோ? தோல் வாஷர். தோல் பட்டது தீர்த்தம் ஆகுமா?"

"அத்திம்பேர் உசிரு போறதுடா," என்று நான் முனகினேன். "வாஷர் சின்னதுதானே."

அவன் தடுமாறினான் என்றுதான் நினைக்கிறேன். அக்கா முகம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வராந்தாப் பக்கம் பார்த்தான். உதட்டைக் கடித்தான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் ஏதாவது பரிகாரம் சொல்லிச் சம்மதித்திருப்பான். அந்தச் சமயம் பார்த்து ராவுத்தர் அவனுக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

"தோலைப் பத்திக் கவலையே படாதீங்க தம்பி. மட்டமான சரக்கு இல்லே. இந்த ஆஸ்பத்திரிக் குழாய் பூராவுக்கும் வாஷர் நம்ம மண்டித் தோல்தான். அசல் எருமை. பதம் பண்றப்ப பக்கத்திலே நின்னு பாத்தவன் நான்."

மைத்துனன் வராந்தாவுக்கு ஓடினான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வாயைக் கொப்பளிக்க அங்கே அந்தக் குழாய் ஒன்றுதான் இருந்தது என்பதால், கொப்பளிக்காமலே திரும்பி வந்தான்.

உச்சி வேளைக்கு என் மனைவி கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். 'எல்லாம் கிரமமா நடக்கறது' என்றே தம்பி தினமும் அவளிடம் சொல்லிவந்திருக்கிறான். சிஸ்டர் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பீட்ரூட் நாளில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"ஏன்னா, வேண்டிக்கறதுதான் வேண்டிண்டேள், மாசம் எதுன்னு யாரையாவது கேட்டுண்டு வேண்டிக்கப்படாதோ?"

"அவசரத்திலே..."

"பேசாதேங்கோ." தம்பியிடம் திரும்பினாள். "ஏண்டா, இவர்தான் பயத்திலே உளறினார். உனக்கு யார் மயக்க மருந்து குடுத்தா?"

"சத்தியம் பண்ணியாச்சு அக்கா. காவேரித் தீர்த்தம் தவிர..."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ராவுத்தரின் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஆள் வீட்டிலிருந்து கொண்டுவந்த இளநீரைச் சீவி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த எளநீர் எந்தத் தோப்பு?" என்றாள்.

"நம்ம குத்தகைத் தோப்பும்மா. உங்க ஸ்ரீரங்கத்திலேதான், திருவானைக்கா போற வழியிலே."

"காவேரிப் பக்கமா, கொள்ளிடம் பக்கமா?" என்று மைத்துனன் முந்திக்கொண்டு கேட்டான். அவனுக்கு விஷயம் இன்னும் புரியவில்லை. ஆனால் சரியான கேள்விகளைக் கேட்பது அவன் சுபாவம்.

"காவேரிக் கரையிலேயே. வெள்ளம் வந்தா மரத்து இடுப்பு நனையும்."

மனைவி ஒரு இளநீரைக் கையில் எடுத்துத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குள்ளே இருக்கறது என்னடா? காவேரித் தீர்த்தம். வேராலே இழுத்து, வடிகட்டி, உச்சந்தலையிலே கொண்டுபோய் மூடி போட்டு வச்சிருக்கு. மெஷின் இல்லே, இரும்பு இல்லே, தோல் இல்லே, எவன் மூச்சும் படலே. நீ குடத்தை மடியிலே வச்சுண்டு பாலத்திலே பாதியைக் கொட்டிண்டு வரே. இந்த மரம் ஒரு சொட்டுக் கொட்டியிருக்கா? உன்னைவிட மரம் மடியா இருக்குடா!"

மைத்துனன் வாயைத் திறந்தான். "மரம் ஏறினவன் தொட்டிருப்பானே?"

"மட்டையைத் தொட்டான். உள்ளே கையை விட்டானா? நீ ரயில்லே போறச்சே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் என்ன வாங்கிக் குடிக்கறே?"

இளநீர்தான் குடிப்பான். பெரிய பெரிய ஆசாரக்காரர்களும் அதைத்தான் குடிப்பார்கள். இது எங்கள் மூன்று பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். நான் மறுபடி திறந்து பார்க்கப்படும் நிலைமைக்கு வந்த பிறகுதான் ஒருத்தருக்கு ஞாபகம் வந்தது.

மைத்துனன் கண்ணை மூடினான். உள்ளுக்குள் ஒரு பண்டிதர் சதஸ் நடந்து முடிந்திருக்கவேண்டும். கண்ணைத் திறந்தான். "ஆனா, நான்தான் சீவுவேன்," என்றான்.

ராவுத்தர் உடனே ஆளை அனுப்பினார். சற்று நேரத்தில் தோப்பிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வராந்தாவில் காய்கள் குவிந்தன. என் மைத்துனன், ரயில்வே குமாஸ்தா, பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு, அரிவாளோடு குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தான். முதல் காயில் தண்ணீரெல்லாம் தரையோடு போயிற்று. இரண்டாவதில் கட்டைவிரல் நுனி கொஞ்சம் போயிற்று. அதற்கப்புறம் கை பழகிவிட்டது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நிற்க ஆரம்பித்தார்கள்.

"சாமி, வழுக்கையாப் பாத்து ஒண்ணு வெட்டுங்க."

"இது விக்கறதுக்கில்லே!"

"பின்னே எதுக்கு இவ்வளவு குமிச்சு வச்சிருக்கீங்க? கிராக்கி பண்ணாதீங்க சாமி."

நான் குடித்தேன். வயிறு முட்டக் குடித்தேன். வயிறு என்பது எவ்வளவு விஸ்தாரமான பிரதேசம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். குடித்தது எங்கே போகிறது என்று தெரியவில்லை. குழாயில் சொட்டு ஏறக்குறைய நின்றேவிட்டது. இறுக்கம் வலியாயிற்று. வலி முறுக்கிப் பிழிய ஆரம்பித்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேச்சை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ராவுத்தர் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். வராந்தாவிலிருந்து அரிவாள் சத்தமும் பாசுரமும் மாறி மாறிக் கேட்டன. சாயங்கால விளக்கு போடும் நேரத்துக்கு, எனக்குள் ஏதோ நழுவியது. கறுப்பாக, ஈரல் துண்டு மாதிரி ஒன்று குழாய் வழியே வழுக்கிக்கொண்டு போய்ப் புட்டியில் விழுந்தது. அதன் பின்னாலேயே மதகைத் திறந்தாற்போல வந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று சிஸ்டர் கத்தினாள். பிரசவ வார்டிலிருந்து மாற்றலாகி வந்தவள், பழக்கதோஷம்.

மைத்துனன் அரிவாளும் கையுமாக ஓடிவந்தான். புட்டியைப் பார்த்தான். "நன்னாரி!" என்றான்.

மறுநாள் காலை சர்ஜன் வந்தார். புட்டியைத் தூக்கினார். இந்தத் தடவை வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. மறுபடியும் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. ஜன்னல் வழியே வராந்தாவில் மலைபோல் கிடந்த மட்டைகளைப் பார்த்தார்.

"யார் கடை இது?"

சிஸ்டர் மைத்துனனைக் காட்டினாள். "ஆஸ்பத்திரியா, காந்தி மார்க்கெட்டான்னே தெரியலை டாக்டர். நேத்துலேருந்து ஏழு பேர் வழுக்கி விழுந்துட்டாங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். சர்ஜன் சிரிக்கவில்லை, மீசைதான் சிரித்தது. "காவேரியோ கடலோ, எனக்குக் கவலையில்லை. உள்ளே போகணும், வெளியே வரணும். எழுந்திருங்க. நடங்க."

நடந்தேன். எப்படி நடந்தேன் என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். முன்னால் மைத்துனன், யாரும் என்மேல் பட்டுவிடாதபடி இரண்டு கையையும் விரித்து, "வழி, வழி!" என்று விலக்கிக்கொண்டு. நடுவில் நான், குனிந்து, ஒரு கையில் புட்டி, அரையில் அசையும் குழாய். பக்கத்தில் ராவுத்தர், அவர் கையில் அவர் புட்டி. பின்னால் சிஸ்டர். கடைசியில் கஞ்சிப் பாத்திரத்தோடு மனைவி. வார்டை ஒரு சுற்று வருவதற்குள் கட்டிலில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குடை ஒன்றுதான் பாக்கி.

புட்டியில் நிறம் நாளொரு மேனியாக மாறியது. பானகம் ஆயிற்று, மோர்க்குழம்பின் தெளிவு ஆயிற்று. ஒருநாள் காலையில் ராவுத்தர் குனிந்து பார்த்துவிட்டு, "எளநீர் சாமி! உள்ளே போனதே வெளியே வந்துடுச்சு!" என்றார். அவருக்கு முன்தினமே குழாயை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். என் பரீட்சையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை இதுதான். சர்ஜன் குழாயை ஒரு இடுக்கியால் கவ்வி அடைத்துவிட்டார். இனி பழைய வழியாகவே வரவேண்டும். வந்தால் குழாய் போகும், நானும் போகலாம். வராவிட்டால் இன்னும் எத்தனை நாளோ. சிஸ்டர் ஒரு எனாமல் பாத்திரத்தைக் கொடுத்துத் திரையை இழுத்துவிட்டாள்.

மனிதன் தனியாகச் செய்யவேண்டிய காரியங்களில் அது ஒன்று. திரைக்கு அந்தப் பக்கம் வார்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எவனும் இருமவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். பாத்திரத்தைப் பார்த்தேன். ஆடி மாதத்துக் காவேரியை நினைத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அத்திம்பேர்," என்று திரைக்கு அப்பால் மைத்துனனின் குரல், மிக மெதுவாக. "நான் வேணும்னா ஊத்திக் காட்டட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல், இளநீரை ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்கு உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தான். களகளவென்று சத்தம். கொஞ்ச நேரம் அது ஒன்றுதான் கேட்டது. அப்புறம் எனாமல் பாத்திரத்தில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

"மாஷா அல்லா!" என்றார் ராவுத்தர்.

வார்டே கைதட்டியது. நான் இதுவரை எழுதியதற்கெல்லாம் சேர்த்து வாங்காத கைதட்டல்.

அதற்கப்புறம் அந்த சர்ஜன் தன் நோயாளிகள் எல்லோருக்கும் தண்ணீரோடு இளநீரையும் எழுதிக்கொடுக்க ஆரம்பித்ததாகவும், ராவுத்தரின் தோப்பிலிருந்து வாடிக்கையாக வண்டி போவதாகவும் கேள்விப்பட்டேன். நான் மருத்துவத்துக்குச் செய்த தொண்டு அவ்வளவுதான். பெயர் போடாமல் செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டி மறுபடி முளைக்கக்கூடிய ஜாதி என்பதால், அவ்வப்போது வந்து விளக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் சர்ஜன். ஆடி பிறந்த பிறகு முதல் தடவை போனேன். மைத்துனன் கூட வந்தான். பல்பு உள்ளே போயிற்று. மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்.

"சுத்தம்," என்றார். "ஒண்ணும் இல்லை."

திரும்பி வரும்போது குதிரை வண்டி பாலத்தில் ஏறியது. மைத்துனன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிக் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றான். கீழே காவேரி இரண்டு கரையும் முட்ட, நுரையும் குப்பையுமாகச் சுழித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். எத்தனையோ லட்சம் குடம். ஆசாரமாகக் கும்பிடப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கட்டைவிரலில் அரிவாள் வெட்டின வடு அப்போதும் இருந்தது. அந்தக் கையை நீட்டி ஆற்றைப் பார்த்து, "பங்குனியிலே எங்கேடியம்மா போயிருந்தே?" என்று கத்தினான்.

காவேரி பதில் சொல்லாமல் சளசளவென்று ஓடினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த எனக்கு, திடீரென்று, யார் தயவும் இல்லாமல், தாங்கமுடியாத அவசரமாக வந்துவிட்டது.

"அடேய், திட்டினது போறும், ஏறு!" என்றேன். "வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லு!"

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வர்றதா அத்திம்பேர்?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்து ஏறிக்கொண்டான்.